நடு நட்டைத் தொடும் முன்: முன்பக்க ஸ்ட்ரட் மாற்றிய ஒரு காரின் நிகழ்வு ஆய்வு

வந்த புகார்

வண்டி சிறிய ரக ஹேட்ச்பேக். இன்ஜின் முன்சக்கரங்களை இயக்கும் வகை; முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண். ஓடியது 90,000 கி.மீ.க்கு மேல். ஸ்ட்ரட் இரண்டும் வண்டியோடு வந்தவை, இதுவரை கழற்றியதே இல்லை.

உரிமையாளர் சொன்னது மூன்று விஷயம். மெதுவாகப் போகும்போது சின்னப் பள்ளம் வந்தாலும் இடது முன்பக்கத்திலிருந்து 'டொக் டொக்' என்று சத்தம் வருகிறது. பிரேக் பிடித்தால் வண்டி மூக்கைக் குத்துகிறது. திரும்பி முடித்துக் கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவதில்லை, பாதியில் நின்றுவிடுகிறது.

சத்தத்துக்காக வேறொரு பட்டறையில் ஏற்கெனவே லிங்க் ராடு (வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் தண்டு) இரண்டையும் மாற்றியிருந்தார்கள். சத்தம் போகவில்லை. லிங்க் ராடு தேய்ந்தால் இதே மாதிரி சத்தம் வரும் என்பது உண்மைதான். ஆனால் அது ஸ்டீயரிங்கைப் பிடித்து வைக்காது, மூக்குக் குத்தலுக்கும் காரணமாகாது. மூன்று புகாரையும் சேர்த்து ஒரே கேள்வியாகக் கேட்டிருந்தால் முதல் சந்தேகமே ஸ்ட்ரட் மேல் விழுந்திருக்கும். புகாரில் பாதியை மட்டும் கேட்டுவிட்டுப் பாகம் மாற்றுவதுதான் நம் தொழிலில் அதிகம் வீணாகும் உழைப்பு என்று நினைக்கிறேன்.

ஸ்ட்ரட் தலையில் எத்தனை வேலை

சாதாரண ஷாக் அப்சார்பருக்கு ஒரே வேலை, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது. அதைக் கழற்றிப் போட்டாலும் சக்கரம் தன் இடத்தில் நிற்கும். மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் அப்படியல்ல. எர்ல் மெக்ஃபெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களில் வகுத்து, 1950இல் வந்த ஃபோர்டு கான்சல் போன்ற கார்கள் மூலம் பரவிய அமைப்பு இது. இதில் சக்கரத்துக்குக் கீழ்க் கை மட்டும்தான் உண்டு, மேல் கை கிடையாது. அந்த வேலையையும் ஸ்ட்ரட்டே பார்க்கிறது. சக்கரம் எவ்வளவு சாய்ந்து நிற்க வேண்டும் என்பதை அதுதான் பிடித்து வைக்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஸ்ட்ரட்டின் உடலும் ஸ்பிரிங்கும் சக்கரத்தோடு சேர்ந்து சுழல்கின்றன. மேலே பாடியில் பூட்டியிருக்கும் மவுண்ட் அசைவதில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பேரிங்தான் இந்தச் சுழற்சிக்கு இடம் கொடுக்கிறது.

அந்தப் பேரிங் துருப்பிடித்து இறுகினால் சுழற்சியை ஸ்பிரிங் வாங்கிக்கொண்டு முறுக்கேறும். கொஞ்ச தூரம் முறுக்கேறிவிட்டுச் சட்டென்று விடும். ஸ்டீயரிங் திரும்பி வராததும், நின்ற இடத்தில் ஒடித்தால் 'டங்' என்று அதிர்வதும் இதனால்தான்.

பார்த்ததும் அளந்ததும்

முதலில் பானட்டை அழுத்தி விட்டுப் பார்த்தோம். ஒரு தடவை எழும்பி அடங்கிவிட்டது. இந்தச் சோதனையில் தேறியது என்பதால் ஸ்ட்ரட் நல்ல நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. கையால் அழுத்தும்போது பாடி விநாடிக்கு ஏறக்குறைய ஒரு முறைதான் ஏறி இறங்குகிறது. சாலையில் சக்கரம் துள்ளுவது விநாடிக்கு 10 முதல் 15 முறை. அந்த வேகத்தில் உள்ளே இருக்கும் வால்வுகள் எண்ணெயை எப்படி அடக்குகின்றன என்பது கை அழுத்தத்தில் தெரியாது. எகிறி எகிறி ஆடினால் ஸ்ட்ரட் போய்விட்டது என்று உறுதி. ஆடாவிட்டால் இன்னும் தேட வேண்டியதுதான்.

அதை டயர் காட்டிக்கொடுத்தது. இடது முன் டயரின் ஓரத்தைச் சுற்றிலும் உள்ளங்கையை வைத்துத் தடவினால் மேடும் குழியுமாகத் தட்டுப்பட்டது. காற்று குறைவாக இருந்தால் இரண்டு ஓரமும் ஒரே சீராகத் தேயும். அலைன்மென்ட் கெட்டிருந்தால் ஒரு பக்கம் மட்டும் சீவினாற்போலத் தேயும். விட்டு விட்டுக் குழி விழுவது சக்கரம் தரையைச் சரியாகப் பிடிக்காமல் துள்ளித் துள்ளி ஓடியதற்கான அடையாளம்.

அடுத்து டேப் வைத்து அளந்தேன். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, டயர் காற்றைச் சமப்படுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்தபோது வலது 370 மி.மீ., இடது 358 மி.மீ. வித்தியாசம் 12 மி.மீ. ஸ்ட்ரட்டில் எண்ணெய் போனால் வண்டி இறங்காது, உயரத்தைத் தாங்குவது ஸ்பிரிங்தான். மவுண்ட்டின் ரப்பர் அமிழ்ந்தால் சில மி.மீ. குறையும், 12 வரை போகாது. ஆகவே இந்த எண்ணைக் குறித்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன். மற்றதெல்லாம் மாற்றி முடித்தாலும் இதற்குப் பதில் தெரியாமல் வண்டியைக் கொடுக்கக் கூடாது என்பது அப்போதே முடிவு.

இன்ஜினை ஓடவிட்டு, உதவியாள் ஸ்டீயரிங்கை மெல்லத் திருப்ப, ஸ்பிரிங்கின் வெளிப்புறத்தில் விரல் நுனியை வைத்துப் பார்த்தேன். வலதில் ஸ்பிரிங் ஒழுங்காகச் சுழன்றது. இடதில் நின்று நின்று குதித்தது. ஒவ்வொரு குதியும் விரலில் அதிர்ந்தது. இதைச் செய்பவர்கள் விரலை வெளியே மட்டும் வையுங்கள், சுற்றுகளின் இடுக்கில் நுழைத்துவிட வேண்டாம்.

இடது ஸ்ட்ரட்டில் சீலிலிருந்து அடிவரை எண்ணெய் வழிந்து, அதன் மேல் மண் அப்பியிருந்தது. டஸ்ட் கவர் கிழிந்து தொங்கியது. வலதில் மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும். அந்த அளவு படலம் கோளாறு அல்ல. ராடு ஏறி இறங்கும்போது சீலைத் தாண்டிக் கொஞ்சம் எண்ணெய் வரத்தான் செய்யும். வழிந்து கீழே போயிருந்தால்தான் கசிவு. கீழ்க் கையின் பால் ஜாயின்ட், புஷ், வீல் பேரிங் எல்லாவற்றையும் கடப்பாரை போட்டும் ஆட்டியும் பார்த்தோம். ஆட்டம் எதிலும் இல்லை. புதிதாகப் போட்டிருந்த லிங்க் ராடும் சரியாகவே இருந்தது.

கசிவது ஒரு பக்கம்தான் என்றாலும் இரண்டு பக்கமும் மாற்றுவது என்று தீர்மானித்தோம். ஒன்று புதிதாகவும் மற்றது அதே தூரம் ஓடிக் களைத்ததாகவும் இருந்தால், பிரேக் பிடிக்கும்போதும் திடீரென்று திருப்பும்போதும் இரண்டு சக்கரமும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும். கூடவே மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (ஸ்ட்ரட் முழுதும் அமுங்கி இடிக்காமல் தடுக்கும் மெத்தை), டஸ்ட் கவர் இரண்டு செட். ஸ்பிரிங்கைப் பற்றி மட்டும் கழற்றிய பிறகு முடிவு செய்யலாம் என்று விட்டோம்.

தூக்கி நிறுத்துவது

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தாங்கி நிற்பது ஸ்டாண்டின் வேலை. கெட்டியான சமதளம், ஹேண்ட் பிரேக், பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திக்கொண்டோம். முன்பக்கம் இரண்டையும் ஒன்றாகத் தூக்கி, தயாரிப்பாளர் குறித்திருக்கும் இடங்களில் ஸ்டாண்டு வைத்து, ஜாக்கியை இறக்கி, வண்டியைக் கையால் தள்ளிப் பார்த்த பிறகுதான் சக்கரத்தைக் கழற்றினோம். கழற்றிய சக்கரங்கள் சும்மா ஓரமாகக் கிடக்க வேண்டியதில்லை. ஓரச் சட்டத்துக்கு அடியில் படுக்கப் போட்டால் ஸ்டாண்டு வழுக்கினாலும் ஆள் நசுங்காமல் இருக்க ஓர் இடைவெளி கிடைக்கும்.

ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் கம்பி முறுக்கேறி நிற்கும். லிங்க் ராடைக் கழற்றும்போது வெடுக்கென்று இழுக்கும். இரண்டு பக்கமும் தொங்கினால் அந்த முறுக்கு இருக்காது. முன்பக்கம் முழுவதையும் தூக்கியது அதற்காகத்தான்.

கழற்றியது

நூல் வெளியே தெரியும் போல்ட்டுகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டோம். பிரேக் குழாயின் பிடியையும் ஏபிஎஸ் சென்சார் ஒயரின் கிளிப்பையும் ஸ்ட்ரட்டிலிருந்து விடுவித்தோம். லிங்க் ராடின் நட்டைச் சுற்றினால் உள்ளிருக்கும் பந்து முனையும் சேர்ந்து சுற்றும். முனையில் ஆலன் சாவி வைத்துப் பிடித்துக்கொண்டுதான் நட்டைச் சுற்ற வேண்டும்.

ஸ்ட்ரட்டும் நக்கிளும் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) சேரும் இடத்தில் இரண்டு பெரிய போல்ட். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். பல வண்டிகளில் கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) சரிசெய்வது இந்த ஓட்டைகளில் இருக்கும் சிறு இடைவெளியில்தான். சிலவற்றில் மேல் போல்ட் மையம் விலகிய வடிவத்தில் இருக்கும். கழற்றும் முன் போல்ட் தலையையும் ஸ்ட்ரட்டின் விளிம்பையும் நக்கிளையும் சேர்த்துப் பெயின்ட் மார்க்கரால் கோடு போட்டோம். போல்ட்டின் கழுத்தில் பற்கள் இருக்கும் வகை என்பதால் தலையைப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்பினோம். தலையைத் திருப்பினால் பற்கள் மழுங்கி ஓட்டையும் கெடும்.

போல்ட்டை உருவும் முன் நக்கிளைக் கயிற்றால் பாடியோடு கட்டினோம். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கட்டாவிட்டால் நக்கிளின் தலை வெளிப்பக்கம் சாயும். பிரேக் குழாய் இழுபடும். டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட் பிரிந்துகொள்ளவும் வாய்ப்பு உண்டு. ஸ்ட்ரட் மாற்ற வந்து டிரைவ் ஷாஃப்ட் வேலையும் சேர்ந்துகொள்ளும்.

கடைசியாக மேலே. பானட்டைத் திறந்தால் மவுண்ட்டைப் பாடியில் பிடித்திருக்கும் மூன்று நட் தெரியும். நடுவில் பெரிதாக இன்னொரு நட். வெளிவட்டத்து மூன்றை மட்டும் கழற்ற வேண்டும்; ஒருவர் கீழே ஸ்ட்ரட்டைத் தாங்கிப் பிடித்த பிறகு மூன்றாவதை எடுத்தால் மொத்தமாக இறங்கிக் கைக்கு வரும். சில வண்டிகளில் பாடியோடு பிடிக்கும் அமைப்பே வேறு. நக்கிளும் இரண்டு போல்ட்டுக்குப் பதில் ஸ்ட்ரட்டின் அடிக்குழாயைக் கவ்விப் பிடிக்கும் வகையாக இருக்கலாம். எந்த நட் எதைப் பிடித்திருக்கிறது என்பதை அந்த மாடலின் பணிமனைக் கையேட்டில் பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் மேலே ஸ்பேனர் வைக்கக் கூடாது.

ஸ்பிரிங்

இந்த வேலையில் உயிரை எடுக்கக்கூடிய இடங்களில் முக்கியமானது இது. அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

வண்டியிலிருந்து எடுத்துவிட்டதால் ஸ்பிரிங்கின் மேல் பாரம் இல்லை, அது தளர்ந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. ஸ்ட்ரட் முழு நீளத்துக்கு நீண்ட பிறகும் ஸ்பிரிங் மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் நடுவே அமுங்கித்தான் நிற்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது பிஸ்டன் ராடின் தலையில் இருக்கும் அந்த நடு நட். அமுக்காமல் அதைக் கழற்றினால் மேல் தட்டும் மவுண்ட்டும் ராடின் திசையில் பறக்கும்.

எவ்வளவு விசை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மி.மீ. அமுங்க 20 நியூட்டன் கேட்கும் ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்வோம். அதை அமுக்கியில் போட்டு, தன் இயல்பு நீளத்திலிருந்து 150 மி.மீ. குறுக்கினால் விசை 3,000 நியூட்டன். ஏறக்குறைய 300 கிலோ எடை. உள்ளே சேர்ந்திருக்கும் ஆற்றல் 225 ஜூல். 10 கிலோ இரும்புத் துண்டு 2.3 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரும் அடி அது. கைக்கு எட்டும் தூரத்தில், முகத்துக்கு நேரே இருக்கிறது.

எங்களிடம் முதலில் இருந்தது இரண்டு தனித்தனிக் கொக்கி அமுக்கிகள். ஸ்பிரிங்கின் இரண்டு பக்கமும் எதிரெதிரே மாட்டி, கையால் மாற்றி மாற்றித் திருகும் வகை. திருகின் நூலைச் சுத்தம் செய்து கிரீஸ் தடவினோம். கொக்கிகள் நழுவாமல் பிடிக்கும் பாதுகாப்பு ஊசிகளைச் செருகினோம். ஸ்ட்ரட்டைப் பெஞ்ச் வைஸில், கீழ்ப் பிடியைக் கவ்வ வைத்து நிறுத்தினோம். குழாய் உடலை வைஸில் நெரிக்கக் கூடாது. நசுங்கினால் உள்ளே பிஸ்டன் ஓடாது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டோம். மேல் முனை சுவரைப் பார்த்திருந்தது, அதன் நேர்க்கோட்டில் யாரும் நிற்கவில்லை. காற்றுத் துப்பாக்கியை (காற்றழுத்தத்தில் நட்டை வேகமாகச் சுழற்றும் கருவி) எடுத்து ஓரமாக வைத்தாயிற்று. இந்தத் திருகுகளுக்கு அது ஆகாது. சூடேறி நூல் பிடித்துக்கொள்ளும், எந்தப் பக்கம் எவ்வளவு இறங்கியது என்பதும் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

இடது ஸ்ட்ரட்டில் பக்கத்துக்கு இரண்டு சுற்றாக மாற்றி மாற்றி இறுக்கிக்கொண்டு வந்தோம். பாதி தூரம் போனதும் ஸ்பிரிங் நேராக அமுங்காமல் ஒரு பக்கமாக வாழைப்பழம் போல வளையத் தொடங்கியது. ஒரு கொக்கி சுற்றின் சரிவிலேயே மெல்ல நகர்ந்து மற்ற கொக்கி இருந்த பக்கம் போய்க்கொண்டிருந்தது. பெயின்டில் அது உரசிய தடம் விரல் அகலத்துக்குப் பளபளவென்று தெரிந்தது.

"அண்ணே, இன்னும் ரெண்டு சுத்து போட்டா தட்டு விட்டுடும்ணே" என்றார் உதவியாள்.

"வேணாம்பா. கொக்கி நகருது பாரு. அப்படியே தளர்த்து, மாத்தி மாத்தி."

இரண்டு சுற்றில் தட்டு விட்டிருக்கலாம். ஆனால் அந்த இரண்டு சுற்றில் விசையும் ஏறியிருக்கும், கொக்கியும் இன்னும் நகர்ந்திருக்கும். எதிரெதிரே இருக்க வேண்டிய கொக்கிகள் ஒரே பக்கம் சேர்ந்தால் மறுபக்கம் பிடிப்பு இல்லை. அந்தப் பக்கமாக ஸ்பிரிங் வெளியே பாய்ந்துவிடும். முழுக்கத் தளர்த்தி, கொக்கிகளை எடுத்துவிட்டுக் காரணம் தேடினோம்.

வெளியே தெரிந்த சுற்றுகளில் குறை எதுவும் இல்லை. கீழ்த் தட்டு மட்டும் ஆழமான கிண்ண வடிவம். அதில் மண் இறுகி அடைத்திருந்தது. ஸ்குரூ டிரைவரால் கிளறி, பிரஷ் போட்டுத் தேய்த்ததும் விஷயம் வெளிவந்தது. ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றில் ஏறக்குறைய கால் பங்கு உடைந்து, அந்தத் துண்டு மண்ணுக்குள்ளேயே புதைந்து கிடந்தது. உடைந்த முகம் முழுக்கத் துரு, ஆகவே நேற்று இன்று உடைந்ததல்ல. தட்டில் மணலும் ஈரமும் தங்கி, பெயின்ட் உரிந்த இடத்தில் துரு குழி போட்டு, அங்கிருந்து விரிசல் ஓடியிருக்கிறது. கீழ்ச் சுற்றில் ஸ்பிரிங் உடைவது பெரும்பாலும் இப்படித்தான்.

12 மி.மீ.க்குப் பதில் கிடைத்துவிட்டது. மவுண்ட் அமிழ்ந்தது கொஞ்சம், ஸ்பிரிங் உடைந்தது மீதி. முனை தன் படியில் உட்காராததால் ஸ்பிரிங் கோணலாக நின்றது. கோணலாக நின்றதை நேராக அமுக்கக் கொக்கியால் முடியவில்லை. இப்படியே ஓடியிருந்தால் உடைந்த கூர்முனை தட்டை விட்டு நழுவி டயரின் பக்கச் சுவரைக் கிழித்திருக்கவும் கூடும்.

அதற்கு மேல் கொக்கியை நம்பவில்லை. இரண்டு ஸ்ட்ரட்டையும், ஜோடியாக வாங்கிய புது ஸ்பிரிங்குகளையும் எடுத்துக்கொண்டு, சுவரில் பதித்த ஸ்பிரிங் அமுக்கும் எந்திரம் உள்ள பட்டறைக்குப் போனோம். அதில் அகலமான கவைகள் சுற்றைப் பரவலாகப் பிடிக்கின்றன, நேர்க்கோட்டில் அமுக்குகின்றன, முன்னால் கூண்டும் இருக்கிறது. வீட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு என் யோசனை இதுதான்: ஸ்பிரிங், மவுண்ட் எல்லாம் பூட்டியே வரும் முழு ஸ்ட்ரட் உங்கள் வண்டிக்குக் கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் வண்டியிலிருந்து கழற்றும் வேலையை நீங்களே செய்துகொண்டு, ஸ்பிரிங் மாற்றுவதை மட்டும் இப்படி ஒரு எந்திரம் உள்ளவரிடம் கொடுங்கள்.

எந்திரமானாலும் கொக்கியானாலும் நடு நட்டைக் கழற்றலாம் என்பதற்கு ஒரே அடையாளம் உண்டு. இத்தனை சுற்று இறுக்கினேன், இவ்வளவு அமுங்கியது என்ற கணக்கெல்லாம் அடையாளம் ஆகாது. ஸ்பிரிங்கின் முனைக்கும் தட்டுக்கும் நடுவே இடைவெளி கண்ணுக்குத் தெரிய வேண்டும். தட்டுகளுக்கு நடுவே ஸ்பிரிங் தளர்ந்து, மேல் தட்டைக் கையால் சுழற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். சுழலாவிட்டால் ஸ்பிரிங்கின் விசை இன்னும் நட்டின் மேல்தான் இருக்கிறது. அப்போது நட்டைத் தொடக் கூடாது.

வலது ஸ்ட்ரட்டைப் பிரித்தபோது ராடு வழுவழுப்பாக இருந்தது. ஆனால் அழுத்தி விட்டால் மேலே வரும்போது தடையே இல்லை. இடதில் பம்ப் ஸ்டாப் பொடியாக உதிர்ந்தது, ராடில் நீளவாக்கில் கீறல், பேரிங்கிலிருந்து துருத்தூள் கொட்டியது, மவுண்ட்டில் ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்து விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. 'டொக் டொக்' வந்தது இங்கிருந்துதான்.

பூட்டியது

புது ஸ்ட்ரட்டில் இடது வலது வேறு வேறு. பிரேக் குழாயும் லிங்க் ராடும் மாட்டும் காதுகளின் திசை மாறும். படுக்க வைத்திருந்த இரட்டைக் குழாய் ஸ்ட்ரட்டில் காற்று எண்ணெய்க்குள் புகுந்திருக்கலாம். செங்குத்தாக நிறுத்தி, சில முறை மெதுவாக முழுதும் அழுத்தி நீட்டி ஓடவிட்டோம். முதல் ஓட்டத்தில் நடுவில் லொடக்கென்று இறங்கிய இடம் பிறகு காணாமல் போனது. பளபளக்கும் ராடைப் பிளையரால் பிடிக்கவே கூடாது. அதில் விழும் மெல்லிய கீறல் போதும், புது சீலைக் கொஞ்ச நாளில் அறுத்துவிடும்.

பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர், ஸ்பிரிங், மேல் தட்டு, பேரிங், மவுண்ட் என்ற வரிசையில் ஏற்றினோம். பேரிங்கைத் தலைகீழாக வைத்துவிட்டால் பழைய கோளாறு புதிதாகவே வரும், ஆகவே பழையதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டோம். மேல் தட்டில் வெளிப்பக்கம் எது என்று காட்டும் அம்புக்குறி, நக்கிள் பிடியின் திசையோடு ஒத்துப்போக வேண்டும். ஸ்பிரிங்கின் முனை கீழ்த் தட்டின் படியில் ஒட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே எந்திரத்தைத் தளர்த்தினோம். நடு நட் புதியது; தானாகப் பூட்டிக்கொள்ளும் நட்டை ஒரு முறைதான் பயன்படுத்த வேண்டும். ராடின் தலையை ஆலன் சாவியால் பிடித்துக்கொண்டு, நடுவில் துளையுள்ள சாக்கெட் போட்டு டார்க் ரெஞ்சில் (குறித்த முறுக்குவிசை அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர்) இறுக்கினோம். காற்றுத் துப்பாக்கி இங்கேயும் கிடையாது. ராடு வேகமாகச் சுழன்றால் உள்ளே சீலும் பிஸ்டனின் பிடிப்பும் கெடும்.

வண்டியில் ஏற்றும்போது மேலே மூன்று நட்டையும் கையால் மட்டும் போட்டுவிட்டு, நக்கிளைச் சேர்த்து, குறித்த கோட்டுக்குப் போல்ட்டை நிறுத்தி, கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு இறுக்கினோம். அளவை இங்கே எழுதவில்லை. மாடலுக்கு மாடல் அது வெகுவாக மாறும், இன்னொரு வண்டியின் எண் இதற்கு உதவாது. நூலில் எண்ணெய் இருந்தால் அதே டார்க்கில் போல்ட் அதிகமாக இழுபடும். கையேடு எண்ணெய் தடவச் சொல்லாத இடத்தில் துடைத்துவிட்டுப் போட வேண்டும்.

பிரேக் குழாயும் ஏபிஎஸ் ஒயரும் பழைய கிளிப்புகளுக்குத் திரும்பின. ஸ்டீயரிங்கை இரண்டு கடைசிக்கும் திருப்பி, குழாய் முறுக்காமலும் டயரில் உரசாமலும் இருக்கிறதா என்று பார்த்தோம். இறக்கியதும் வீல் நட்டுகளைக் குறுக்கு வரிசையில் டார்க் ரெஞ்சால் இறுக்கி, வண்டியை நகர்த்தும் முன் பிரேக் பெடலை மிதித்து அது கெட்டியாக நிற்பதை உறுதி செய்துகொண்டோம்.

அலைன்மென்ட்டும் பிறகும்

மார்க் போட்டுத்தான் பூட்டினோமே, அலைன்மென்ட் எதற்கு என்று உரிமையாளர் கேட்டார். மார்க் என்பது அலைன்மென்ட் எந்திரம் வரை வண்டியைப் பத்திரமாக ஓட்டிப் போவதற்கு. புது ஸ்ட்ரட்டின் ஓட்டை பழையதிலிருந்து இம்மியளவு விலகியிருந்தாலும் கேம்பர் மாறும். கேம்பர் மாறினால் நக்கிள் சாயும், டை ராடு (ஸ்டீயரிங்கை நக்கிளோடு இணைக்கும் தண்டு) அதை ஒரு பக்கம் இழுக்கும், டோவும் (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மாறிவிடும். மேலும் இந்த வண்டியில் உயரமே மாறியிருக்கிறது. எந்திரத்தில் ஏற்றியபோது டோ எல்லைக்கு வெளியே இருந்தது, இடது கேம்பரும் வலதும் ஒத்துப்போகவில்லை. நக்கிள் போல்ட்டைத் தளர்த்தி முதலில் கேம்பரையும், அதன் பிறகு டோவையும் சரிசெய்து, அந்தப் போல்ட்டுகளை மறுபடி முழு டார்க்குக்கு இறுக்கினோம். இந்தக் கடைசி இறுக்கத்தை மட்டும் நேரில் நின்று பாருங்கள். அலைன்மென்ட் செய்த இடத்தில் அது கையளவில் விட்டுப்போனால் சக்கரத்தின் சாய்வைப் பிடித்திருப்பது எதுவும் இல்லை.

உயரம் மறுபடி அளந்தபோது இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் 2 மி.மீ. ஆளில்லாத இடத்தில் குறைந்த வேகத்தில் பிரேக் பிடித்துப் பார்த்தோம், மூக்குக் குத்தல் இல்லை. வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் கைக்குள்ளேயே வழுக்கிக்கொண்டு நேருக்கு வந்தது. 'டொக் டொக்' போய்விட்டது. 100 கி.மீ. ஓடியதும் வரவழைத்து, வீல் நட்டுகளையும் நக்கிள் போல்ட்டையும் மேல் மூன்று நட்டையும் டார்க் ரெஞ்ச் வைத்துச் சோதித்தோம்.

ஒரு சத்தம் மட்டும் மிச்சம்: வேகம் ஏறினால் இடது முன்பக்கத்திலிருந்து 'ம்ம்ம்' என்ற ஓசை. ஸ்ட்ரட் சரியில்லையோ என்று உரிமையாளர் பயந்தார். அது குழி விழுந்த பழைய டயர். ஸ்ட்ரட் புதிதானாலும் டயரில் ஏற்கெனவே விழுந்த குழி மறையாது. முன் பின் டயர்களை இடம் மாற்றிப் போட்டதும் ஓசையும் பின்னால் போனது, சந்தேகம் தீர்ந்தது. அடுத்து டயர் மாற்றும்போது அந்த ஒன்றையும் அதன் ஜோடியையும் சேர்த்தே எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

பழைய ஸ்ட்ரட்டுகளை ஸ்பிரிங் நீக்கியே பழைய இரும்புக்குக் கொடுத்தோம். உள்ளே அழுத்தத்தில் வாயு இருக்கிறது, வெட்டவோ சூடு காட்டவோ கூடாது என்று வாங்கியவரிடம் சொல்லி, உடலிலும் பெயின்ட் மார்க்கரால் எழுதி அனுப்பினோம்.